முப்பதாவது புட்டியில் உப்பு

எனக்குப் பதினோரு வயது. பங்குனி பிறந்தால் தலைவலியும் பிறந்துவிடும். காலை பத்து மணிக்கு வெயிலோடு சேர்ந்து ஏறும், சாயங்காலம் வெயிலோடு சேர்ந்து இறங்கும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடப்பேன். அம்மா எத்தனையோ பற்றுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் தெருக்கோடி வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் தாத்தாவிடம் அழைத்துக்கொண்டு போனார்.

விருதுநகர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. தாத்தா தபால் ஆபீஸில் ஓய்வுபெற்றவர். திண்ணையில் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். திறந்தால் சுண்டுவிரல் உயரத்தில் கண்ணாடிப் புட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். நூறு புட்டிக்கு நூறு பெயர். உள்ளே இருப்பதோ எல்லாவற்றிலும் ஒரே கடுகளவு வெள்ளை உருண்டை. காசு வாங்க மாட்டார்.

அன்று அவர் முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார். "என்ன தாயி, வெயில்ல போனா வலி கூடுதா? தண்ணி நெறயக் குடிப்பியா? சோத்துல உப்பு கூடக் கேப்பியா? அழுகை வந்தா ஆளுக முன்னால அழுவியா, ஒளிஞ்சு அழுவியா? யாராச்சும் தேத்துனா நல்லாருக்குமா, இன்னும் ஆத்திரமா வருமா?" என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அரை மணி நேரம் கழித்து நாலு உருண்டைகளை என் நாக்கில் போட்டார். இனித்தது. இரண்டு மூன்று வாரத்தில் தலைவலி விட்டுப்போனது.

புட்டியில் எழுதியிருந்த பெயர் எனக்கு மறக்கவில்லை: நேட்ரம் மூரியாட்டிகம் 30. கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் அதன் பொருள் விளங்கியது. நேட்ரம் என்றால் சோடியம், மூரியாட்டிகம் என்றால் குளோரைடு. அதாவது, அம்மா ரசத்தில் போடும் அதே சாப்பாட்டு உப்பு.

தினமும் சோற்றோடு கிராம் கணக்கில் உள்ளே போன உப்பு என் தலைவலியைத் தொடவில்லை. அப்படியிருக்க, நாலு சர்க்கரை உருண்டையில் ஒட்டியிருந்த உப்பு எப்படித் தொட்டிருக்கும்? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் போகப்போகிறோம்.

மருத்துவமே பயமுறுத்திய காலம்

ஹோமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1755இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், மெய்சன் என்ற ஊரில் பிறந்தார். 1779இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் கற்ற மருத்துவம் இன்று நாம் காணும் மருத்துவம் இல்லை. கிருமியால் நோய் வருகிறது என்பதை அன்றைய மருத்துவம் அறியாது. உடம்பில் கெட்ட நீர் சேர்ந்ததால் நோய் வந்தது, அதை வெளியேற்றினால் நோய் போகும் என்று நம்பினார்கள். ஆகவே நாளத்தைக் கீறி இரத்தம் வடித்தார்கள். வாந்திக்குக் கொடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், பாதரச உப்பைக் கரண்டியால் ஊட்டினார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் தொண்டை நோயில் படுத்தபோது, ஒரே நாளில் பலமுறை இரத்தம் எடுத்தார்கள். அன்றிரவே இறந்துபோனார்.

ஹானிமனுக்கு இதில் மனம் ஒப்பவில்லை. நோயாளிக்கு நன்மை செய்கிறோமா கேடு செய்கிறோமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டு புத்தக மொழிபெயர்ப்பில் பிழைத்தார். வறுமையிலும் அப்படிச் செய்த மனிதரின் நேர்மையை நாம் முதலில் பார்த்துவிட வேண்டும். ஹோமியோபதி பிறந்தது ஏமாற்றுகிற எண்ணத்தில் இல்லை. நோயாளியைத் துன்புறுத்தக் கூடாது என்ற தவிப்பில் பிறந்தது அது.

முள்ளை முள்ளால் எடுப்பது

1790இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் எழுதிய மருந்து நூலை ஹானிமன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். முறைக்காய்ச்சலுக்குச் சிங்கோனா மரப்பட்டை நல்ல மருந்து என்பது அன்றே தெரியும். பட்டை கசப்பும் துவர்ப்புமாக இருந்து இரைப்பையை வலுவாக்குவதால் காய்ச்சல் போகிறது என்று கல்லன் எழுதியிருந்தார். ஹானிமன் அதை நம்பவில்லை. நல்ல உடல்நிலையில் இருந்தபோதே பட்டைத் தூளைச் சில நாள் தானே தின்று பார்த்தார். கைகால் குளிர்ந்தது, நெஞ்சு படபடத்தது, உடம்பு நடுங்கியது, தாகம் எடுத்தது. முறைக்காய்ச்சலின் அறிகுறிகளைப் போலவே இருந்தன.

அந்த இடத்தில் ஒரு தாவல் தாவினார். நலமாக இருப்பவரிடம் எந்த அறிகுறிகளை ஒரு பொருள் கிளப்புகிறதோ, அதே அறிகுறிகளுள்ள நோயை அது குணமாக்கும் என்றார். முள்ளை முள்ளால் எடு என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த எண்ணம். 1796இல் இதைக் கட்டுரையாக எழுதினார். 1810இல் 'ஆர்கனான்' என்ற நூலில் முழுக் கொள்கையாக வடித்தார். 'ஒத்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் 'துன்பம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து ஹோமியோபதி என்று பெயரிட்டார். மற்ற மருத்துவத்துக்கு அவர் வைத்த பெயர்தான் அலோபதி. இன்றைக்கு நம் ஊர் மருந்துக்கடை வாசலில் சர்வசாதாரணமாக வழங்கும் சொல் அவர் ஆக்கியது.

சிங்கோனா உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் தெரிந்தது. 1820இல் பிரான்சில் பெல்லெத்தியே, கவந்தூ என்ற இருவர் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1880இல் லவரான் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். குவினைன் அந்த ஒட்டுண்ணியைக் கொல்கிறது. குவினைனுக்காகத்தான் ஆங்கில அரசு நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டம் போட்டது. காய்ச்சலைப் போன்ற அறிகுறிகளைக் கிளப்புவதற்கும் ஒட்டுண்ணி சாவதற்கும் தொடர்பில்லை. பட்டையைத் தின்ற எல்லோருக்கும் ஹானிமனுக்கு வந்த நடுக்கம் வருவதும் இல்லை. அவர் உடம்புக்கு அது ஒவ்வாமல் போயிருக்கலாம். ஒரே ஒருவர், ஒரே ஒரு பொருள். அதன்மேல் ஒரு மருத்துவ முறையின் அடித்தளம் எழும்பியது.

அதன்பின் அவரும் சீடர்களும் நூற்றுக்கணக்கான பொருட்களை நலமாக இருந்தபடியே உட்கொண்டு, உடம்பிலும் மனத்திலும் தோன்றிய ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார்கள். இதற்கு 'மெய்ப்பித்தல்' என்று பெயர். உப்பை மெய்ப்பித்தபோது எழுதிய குறிப்புகளிலிருந்து வந்ததுதான் தாத்தா என்னிடம் கேட்ட கேள்விகள்: வெயில் தலைவலி, தாகம், உப்பு ஆசை, தேற்றினால் வரும் ஆத்திரம். அவர் மனம்போன போக்கில் கேட்கவில்லை. ஒரு பெரிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கேட்டார்.

குறைக்கக் குறைக்க ஏறும் எண்

இரண்டாவது கொள்கைதான் நம் கேள்விக்கு நேராக வருகிறது. நச்சுப் பொருட்களை அப்படியே கொடுத்தால் நோயாளிக்குக் கேடு வருவதை ஹானிமன் பார்த்தார். அதனால் நீர்க்கச் செய்தார். நீர்க்கச் செய்ததோடு ஒவ்வொரு தடவையும் புட்டியைத் தட்டிக் குலுக்கவும் செய்தார். அப்படிக் குலுக்கிக் குலுக்கி நீர்ப்பதால் பொருளின் நச்சுத்தன்மை போய், உள்ளே உறங்கும் ஆற்றல் விழிக்கிறது என்று கருதினார். தமிழில் ஹோமியோபதி நூல்கள் இதை 'வீரியப்படுத்துதல்' என்கின்றன.

புட்டியில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 'சி' என்றால் நூறில் ஒரு பங்காக நீர்ப்பது. 30சி என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது தடவை. வெறுமனே 30 என்று எழுதியிருந்தாலும் வழக்கமாக அதுதான் பொருள். 'எக்ஸ்' என்றால் பத்தில் ஒரு பங்கு. 200 என்றால் இருநூறு தடவை, 'ஒன் எம்' என்றால் ஆயிரம் தடவை. எண் ஏற ஏறச் சரக்கு குறைகிறது. ஹோமியோபதியின் கணக்கிலோ எண் ஏற ஏற வீரியம் கூடுகிறது. கடைசியில் கிடைக்கும் நீர்மத்தில் சில சொட்டைச் சர்க்கரை உருண்டைகளின் மேல் விட்டு உலர்த்துவார்கள். பெரும்பாலும் சாராயம் கலந்த நீர்மம் என்பதால் அதுவும் ஆவியாகிப் போய்விடும்.

ஒரு கிராம் உப்பின் பயணம்

இதை நம் அடுப்படியிலேயே செய்து பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரில் வேறு எதுவுமே கலந்திருக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு கிராம் உப்பு, இரண்டு விரலால் அள்ளும் பெரிய சிட்டிகை. அதில் சோடியமும் குளோரினும் சேர்ந்த ஜோடிகள் எத்தனை? ஏறக்குறையப் பத்து கோடி கோடி கோடி. ஒன்று போட்டு அதன் பின்னால் 22 பூஜ்யங்கள் எழுதுங்கள். அந்த 22ஐ மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் புட்டி. நூறு மில்லி தண்ணீரில் இந்த ஒரு கிராமைக் கரைக்கிறோம். நாக்கில் விட்டால் உப்புக் கரிக்கும். உள்ளே 22 பூஜ்யங்கள் உள்ள கூட்டம்.

இரண்டாவது புட்டி. முதல் புட்டியிலிருந்து ஒரு மில்லி எடுத்து 99 மில்லி தண்ணீரில் விட்டுக் குலுக்குகிறோம். நூறில் ஒரு பங்குதான் வந்தது, அதனால் இரண்டு பூஜ்யங்கள் போய்விட்டன. மீதி 20. இப்போதே நாக்குக்கு உப்புத் தெரியாது. மூன்றாவது புட்டியில் 18, நான்காவதில் 16. ஒவ்வொரு புட்டிக்கும் இரண்டிரண்டு பூஜ்யங்கள் உதிர்கின்றன.

ஆறாவது புட்டியில் 12 பூஜ்யங்கள் இருக்கும், அதாவது லட்சம் கோடி ஜோடிகள். கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இந்தப் புட்டியில் உப்பின் அடர்த்தி லட்சம் கோடியில் ஒரு பங்கு. கணினிச் சில்லு செய்யும் ஆலைகளில் பயன்படுத்தும், மனிதர் தயாரிக்கும் தண்ணீரிலேயே மிகச் சுத்தமான தண்ணீரில்கூட இந்த அளவுக்கு ஏதாவது கலப்பு இருக்கும். உண்மையான புட்டியின் கண்ணாடியிலிருந்தே இதைவிட அதிகச் சோடியம் தண்ணீரில் கரைந்து இறங்கும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மருந்தாக நாம் போட்ட உப்பு எது, தானாக வந்த உப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தண்ணீருக்கு எந்த உப்பு மருந்து, எந்த உப்பு அழுக்கு என்று யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

பன்னிரண்டாவது புட்டி. பூஜ்யங்கள் தீர்ந்துவிட்டன. மீதி வெறும் ஒன்று. நூறு மில்லியில் நம் உப்பின் ஒரே ஒரு ஜோடி. உலகத்துக் கடல்கள் எல்லாமே சுத்தத் தண்ணீராக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, ஒரு கிராம் உப்பை வங்காள விரிகுடாவில் போட்டு, எல்லாக் கடல்களும் சீராகக் கலக்கும்வரை கலக்கி, பிறகு ஒரு டம்ளர் மொண்டால் கிடைப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

பதின்மூன்றாவது புட்டிக்கு நாம் எடுப்பது ஒரு மில்லி. அந்த ஒற்றை ஜோடி அதில் அகப்பட நூறில் ஒரு வாய்ப்பு. அகப்படாவிட்டால், அதற்கு மேல் தண்ணீரைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கிக்கொண்டே போகிறோம், அவ்வளவுதான்.

இன்னும் பதினேழு புட்டிகள் போனால் முப்பதாவது புட்டி, தாத்தாவின் புட்டி. அந்தத் தண்ணீரில் நாம் போட்ட உப்பின் ஒரு ஜோடியைச் சந்திக்க வேண்டுமானால் எவ்வளவு குடிக்க வேண்டும்? பூமி அளவுள்ள தண்ணீர் உருண்டைகள் சுமார் 9,000 கோடி.

ஹானிமன் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. ஒரு பொருளை எதுவரை பிரிக்கலாம், எத்தனை மூலக்கூறுகளில் போய் முடியும் என்பதற்கு முதல் மதிப்பீட்டை வியன்னாவில் யோசெப் லோஷ்மிட் 1865இல்தான் தந்தார். ஹானிமன் 1843இலேயே பாரிசில் காலமாகிவிட்டார். அவர் காலத்தில், நீர்க்க நீர்க்க ஒரு துளியாவது மிஞ்சும் என்று எண்ணுவதில் பிழையில்லை.

தண்ணீர் நினைவில் வைத்திருக்குமா?

உப்பு இல்லாவிட்டால் என்ன, உப்பு பட்ட நினைவு தண்ணீரில் இருக்கும் என்பது பின்னால் வந்த விளக்கம். 1988இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் பென்வெனிஸ்ட், மூலக்கூறே மிஞ்சாத அளவுக்கு நீர்த்த ஒரு கரைசல் இரத்த அணுக்களைத் தூண்டுவதாக 'நேச்சர்' இதழில் எழுதினார். இதழாசிரியர் ஜான் மடாக்ஸ் ஒரு நிபந்தனையோடுதான் அதை வெளியிட்டார்: நாங்கள் வந்து கூட இருந்து பார்ப்போம். வந்து, எந்தக் குழாயில் எது என்று ஆய்வுக்கூடத்தாருக்கே தெரியாதபடி எண்களை மறைத்துச் செய்யச் சொன்னார்கள். அப்படிச் செய்தபோது விளைவு காணாமல் போனது.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு நிற்பது உண்மைதான். ஆனால் அந்தக் கைகள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் விட்டு வேறு கையைப் பிடித்துக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தைவிட வேகமாகக் கலைகிற ஒன்று, சர்க்கரை உருண்டையில் உலர்ந்து போன பிறகும் ஒரு செய்தியை எப்படிச் சுமக்கும்?

தடுப்பூசியும் சிறிதளவுதானே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்களுக்குப் போடும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஒன்றில் 20 மைக்ரோகிராம் புரதம் இருக்கிறது. கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. எண்ணினால் கோடி கோடிக் கணக்கில் மூலக்கூறுகள். போட்டபின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவானதை அளந்து பார்க்கலாம். சிறிதளவு வேறு, இல்லாதது வேறு.

நியூரம்பெர்க் விடுதியில் உப்பு

கணக்கு எப்படியும் போகட்டும், கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்பவர்களும் உண்டு. அதுவே சரியான வழி. அதையும் உப்பை வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள், ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன்பே.

1835. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம். ஃபோன் ஹோவன் என்ற பொதுச் சுகாதார அதிகாரிக்கும் ராய்ட்டர் என்ற ஹோமியோபதி மருத்துவருக்கும் வாக்குவாதம் முற்றியது. 30சி உப்பை ஒரு தடவை உட்கொண்டு பாருங்கள், உடம்பில் ஏதோ ஒன்று தெரியாமல் போகாது என்று ராய்ட்டர் அடித்துச் சொன்னார். நகரத்தார் சிலர் அதைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்து, ஒரு விடுதியில் கூட்டம் கூட்டினார்கள். நூற்றிருபதுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

அவர்கள் செய்த ஏற்பாடு இன்றைக்கும் வியக்க வைக்கிறது. பனியை உருக்கி வடித்த தண்ணீரில் உப்பை முப்பது தடவை நீர்த்தார்கள். நூறு புட்டிகளை எண்ணிட்டுக் கலைத்துவிட்டு, பாதியில் அந்த நீர்த்த உப்பும் பாதியில் வெறும் பனித் தண்ணீருமாக நிரப்பினார்கள். எந்த எண்ணில் எது என்ற பட்டியலை முத்திரையிட்டு மூடினார்கள். குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இப்படி இருவர் கண்ணையும் கட்டிச் செய்வதை 'இருபுற மறைப்பு' என்று சொல்லலாம். இன்று புது மருந்துகளுக்குக் கேட்கப்படும் முக்கியமான தேர்வு இது. அதை ஒரு விடுதியில் கூடிய நகரத்து மக்கள் அன்றே செய்தார்கள்.

54 பேர் புட்டி வாங்கிப் போனார்கள். மூன்று வாரம் கழித்து 50 பேரின் பதில்கள் கிடைத்தன. 42 பேர் எதுவுமே தோன்றவில்லை என்றார்கள். எட்டுப் பேருக்கு ஏதோ தோன்றியிருந்தது. முத்திரையை உடைத்துப் பார்த்தால், அந்த எட்டில் ஐந்து பேர் குடித்தது நீர்த்த உப்பு, மூன்று பேர் குடித்தது வெறும் பனித் தண்ணீர்.

ஐந்து மூன்றைவிடப் பெரிதுதானே? ஒரு ரூபாய் நாணயத்தை எட்டு முறை சுண்டிப் பாருங்கள். பூவும் தலையும் நாலுக்கு நாலாகச் சரிபாதி விழுவதுதான் குறைவு. நான்கில் மூன்று தடவை ஐந்துக்கு மூன்றாகவோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோதான் விழும். நாணயத்தின் மேல் யாரும் மருந்து தடவவில்லை. நியூரம்பெர்க்கில் ஆட்கள் குறைவு, எல்லோரும் நலமாக இருந்தவர்கள். ஆகவே அதை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடக் கூடாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த மூன்று பேர். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்பில் மாற்றம் உணர்ந்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அதன்பின் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன. 1997இல் 89 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 'லான்செட்' கட்டுரை ஒன்று, சரக்கில்லாத போலி மருந்தைவிட ஹோமியோபதி சற்று மேலாகத் தெரிகிறது என்று சொன்னது. ஆனால் எந்த ஒரு நோய்க்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் சேர்த்தே எழுதியது. 2005இல் அதே இதழில் 110 சோதனைகளை எடை போட்டபோது, ஆட்கள் அதிகம் உள்ள, கவனமாகச் செய்த சோதனைகளில் அந்த மேன்மை கரைந்துபோனது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 176 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, ஹோமியோபதியால் குணமாகிறது என்று நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தது.

அப்படியானால் என் தலைவலி?

விட்டுப்போனது உண்மை. அம்மாவுக்கும் எனக்கும் அது கற்பனை இல்லை.

அம்மா என்னைத் தாத்தாவிடம் எப்போது அழைத்துப் போனார்? வலி உச்சத்தில் இருந்தபோது. வலி லேசாக இருந்த நாட்களில் யாரும் வைத்தியரைத் தேடுவதில்லை. ஏறி இறங்கும் எதுவும் உச்சத்துக்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். அக்னி நட்சத்திரத்தில் ஆகக் கொடுமையான ஒருநாள் பார்த்து வாசலில் ஒரு கோலத்தை மாற்றிப் போட்டால், மறுநாள் பெரும்பாலும் வெயில் சற்றுக் குறைந்தே இருக்கும். கோலத்தால் குறைந்தது என்று தோன்றும். இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். சளி, முதுகுவலி, தோல் அரிப்பு, ஒற்றைத் தலைவலி என்று ஹோமியோபதியை நாடி வரும் தொல்லைகள் பெரும்பாலும் இப்படி ஏறி இறங்குபவை. முதலில் கொஞ்சம் கூடிவிட்டுத்தான் குறையும் என்றும் பல ஹோமியோபதி மருத்துவர்கள் சொல்லி அனுப்புவார்கள். கூடினாலும் மருந்து வேலை செய்கிறது, குறைந்தாலும் வேலை செய்கிறது. தவறு என்று காட்ட இடமே இல்லாமல் போய்விடுகிறது.

அடுத்தது, மருந்துப்போலி விளைவு. சரக்கில்லாத மருந்தை நம்பி உட்கொள்வதால் வரும் ஆறுதல். இது வெறும் மனப்பிரமை இல்லை. 1978இல் கலிபோர்னியாவில் கடைவாய்ப் பல் எடுத்தவர்களுக்குப் போலி மருந்து கொடுத்தபோது சிலருக்கு வலி குறைந்தது. உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளைத் தடுக்கும் ஒரு மருந்தைச் செலுத்தியதும் அந்த ஆறுதல் மறைந்தது. அதாவது நம்பிக்கை உடம்புக்குள் ஒரு மெய்யான சுரப்பைத் திறந்துவிட்டிருந்தது. வலியும் குமட்டலும் தூக்கமின்மையும் இதற்கு இணங்கும். கிருமியும் கட்டியும் சர்க்கரை நோயும் இணங்காது.

குழந்தைக்கும் மாட்டுக்கும் ஏது நம்பிக்கை, அவற்றுக்கும் கேட்கிறதே என்பார்கள். குழந்தையின் காய்ச்சலும் தானாக இறங்கும். தவிர, குறைந்ததா என்று முடிவு சொல்வது குழந்தை இல்லை, தாய்; மாடு இல்லை, மாட்டுக்காரர். மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் தாயின் கை தளரும். அந்தக் கையில் இருக்கும் பிள்ளையும் தளரும்.

மூன்றாவது, அந்த அரை மணி நேரம். பதினோரு வயதுப் பெண்ணிடம் 'ஒளிஞ்சு அழுவியா' என்று ஒரு பெரியவர் கேட்டாரே, அது. இன்றைய ஓபி வரிசையில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி வாங்கி வருகிறவர்களுக்கு அதன் விலை தெரியும். எனக்கு அன்று கிடைத்த மருந்தில் பெரும்பங்கு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உருண்டைக்கு வெளியே இருந்து வரும் குணத்துக்கு ஒரு பெரிய சாட்சியும் உண்டு. லண்டனில் 1854இல் காலரா பரவியபோது ஹோமியோபதி மருத்துவமனையில் சேர்ந்த 61 காலரா நோயாளிகளில் 10 பேர் இறந்தார்கள். அக்கம்பக்கத்து மருத்துவமனையில் பாதிக்கு மேல் இறந்தார்கள். ஹோமியோபதியர் பெருமையோடு சொல்லும் கணக்கு இது, அதில் ஆழ்ந்த உண்மையும் இருக்கிறது. மற்ற இடங்களில், பேதியாகி வற்றிக்கொண்டிருந்த உடம்புக்கு மேலும் பேதி மருந்து கொடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். இங்கே அது எதுவும் இல்லை. சுத்தமான படுக்கையும் கவனிப்பும் சரக்கில்லாத உருண்டையும். அந்தக் காலத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டதே உயிர் காத்தது. இன்று காலராவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இருக்கிறது. அதில் உப்பு கிராம் கணக்கில் இருக்கிறது.

கல்கத்தாவில் ஊன்றிய வேர்

ஹோமியோபதி நம் நாட்டில் ஆழமாக வேர் பிடித்தது வங்காளத்தில். கல்கத்தாவின் பேர்பெற்ற அலோபதி மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1867இல் தான் ஹோமியோபதிக்கு மாறியதை அறிவித்தார். சக மருத்துவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அதே மனிதர் 1876இல் இந்தியர்களே நடத்தும் ஓர் அறிவியல் ஆய்வுக்கூடத்தைக் கல்கத்தாவில் தொடங்கினார். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் அங்கே போய் ஆய்வு செய்தார். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்தக் கூடத்தில்தான். எதையும் சோதித்துப் பார் என்ற ஆசை ஒரே நெஞ்சில் இரண்டு திசையில் போயிருக்கிறது. சர்க்காரை நான் மதிக்கிறேன்.

1973இல் நாடாளுமன்றம் ஹோமியோபதிக்குத் தனிச் சட்டம் இயற்றியது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். சட்டத்தின் அங்கீகாரம் என்பது படிப்புக்கும் தொழிலுக்கும் தரப்பட்ட ஒழுங்கு. முப்பதாவது புட்டியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

பெட்டியை மூடிய நாள்

30சியில் சரக்கில்லை என்பதால் பக்கவிளைவும் இல்லை. ஆனால் எல்லாப் புட்டியும் 30 இல்லை. மூல நீர்மமான மதர் டிங்சரிலும், 3எக்ஸ் போன்ற கீழ்ப்படிகளிலும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. 3எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஆர்சனிக்காகவோ பாதரசமாகவோ இருந்தால் விளையாட்டில்லை. பல் முளைக்கும் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் விற்ற சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் சத்து, சீட்டில் குறித்ததைவிட மிக அதிகமாகச் சில சமயம் இருந்ததை 2017இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டது. ஆகவே பெயரைப் படிக்கும்போது எண்ணையும் படியுங்கள்.

அதைவிடப் பெரிய கேடு நேரம் போவது. இன்சுலினை நிறுத்திவிட்டு உருண்டைக்கு மாறுவது, மார்பில் கட்டி தென்பட்ட பிறகு ஆறு மாதம் 'பார்க்கலாம்' என்று இருப்பது. அங்கே உருண்டையில் ஒன்றும் இல்லை என்பதே ஆபத்தாகிவிடும்.

போஸ்ட்மாஸ்டர் தாத்தாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் நன்றாகப் பதிந்திருந்தது. அவன் அம்மா அழுதுகொண்டே அவனைத் தூக்கிக்கொண்டு நேரே திண்ணைக்குத்தான் ஓடிவந்தார். தாத்தா மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்து யாருக்கோ உருண்டை மடித்துக்கொண்டிருந்தார். காலைப் பார்த்தார். பெட்டியை மூடினார். "தாயி, இதுக்கு என்கிட்ட மருந்து கெடையாது" என்றார். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிச் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பையனை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தார். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பதினான்கு நாளும் அவரே அவனைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார்.